கிணற்று நீச்சல்

2024 செப்டம்பர் 1, ஞாயிறு. காரைக்குடி

மத்தியானம் அக்கா மகன் பெங்களூரில் இருந்து கூப்பிட்டான். "மாமா, என் பேரோட உங்க பேரையும் சேர்த்துப் பணம் கட்டிட்டேன். பிப்ரவரி 9. அஞ்சு மாசம் இருக்கு, தாராளம்."

டிரையத்லானாம். கடலில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் மிதித்து, இறங்கி ஓட வேண்டும். நடுவில் உட்கார்ந்து காபி குடிக்க வழியில்லை, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தூரம்டா என்றேன். நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கிலோமீட்டர், ஓட்டம் 5 கிலோமீட்டர். ஸ்பிரின்ட் என்று பேர். ஒலிம்பிக்கில் ஒவ்வொன்றும் இதில் இரட்டிப்பு. அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் தலையில் ஒரு முழு மாரத்தான். "அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சிரிக்கிறான், களவாணிப் பயல்.

எனக்கு வயது 43. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கல் செய்யும் ஒரு பட்டறையில் கணக்கப்பிள்ளை. பகல் முழுக்க நாற்காலிதான். ஜூலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1. "இன்னும் வீட்டுக்குள்ள வரல, திண்ணையில உக்காந்திருக்கு" என்றார் டாக்டர். அதைப் போய் அக்காவிடம் சொன்னேன் பாருங்கள்.

ஒரு தைரியம், நீச்சல் தெரியும். கல்லல் பக்கம் ஐயா வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டுப் பழக்கினார்கள். ஓட்டத்தை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மச்சான் வீட்டில் சும்மா கிடந்த கியர் சைக்கிளை வாங்கி வந்து, பிள்ளையார்பட்டி போய்த் திரும்புவது என்று கிளம்பினேன். ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். நேற்றுத்தான் சதுர்த்தி, திரும்பிப் போகிற வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தன. குன்றக்குடி மலை தெரிகிறது, தெரிகிறது, வரவே மாட்டேன் என்கிறது.

திரும்புகையில் பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. கருவேல முள். இந்தச் சீமையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு மேடு பள்ளம் பிரச்சினை இல்லை, முள்தான் பிரச்சினை. தள்ளிக்கொண்டே ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். டியூபைத் தட்டுத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைப் பெருவிரலால் அமுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஊதி, ஒட்டிவிட்டார் பெரியவர். காற்றடிக்கும்போதுதான் சிக்கல். "என்ன தம்பி இது, ஊசி மாதிரி மூக்கு?" பிரெஸ்டா வால்வுக்கு அவர் பம்பு பொருந்தவில்லை. பெட்டியை முழுக்கக் கொட்டித் தேடி, கடைசியில் வால்வையும் பம்பையும் இணைக்கிற ஒரு சின்னப் பித்தளைத் திருகியை எடுத்தார். "எவனோ வெள்ளைக்காரன் மறந்து விட்டுட்டுப் போனது. வச்சுக்கங்க." ஒட்டுக்கு மட்டும் முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 19, வியாழன்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள். மேனேஜர் என்னோடு படித்தவன். விருந்தாளிகள் எழும் முன், ஐந்தேகாலில் இருந்து ஆறேகால் வரை அங்கே நீச்சல் குளம் எனக்கு. டேப் வைத்து அளந்தேன் (தொழில் புத்தி). 15 மீட்டர். ஐம்பது நீளம் போனால் 750.

இரண்டு நீளம் போனேன். மூன்றாவதில் பாதியில் சுவரைத் தேடிக் கையை வீசி, எட்டிப் பிடித்து, நாய் மாதிரி இரைத்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் மேலே நின்று, "ஹார்ட்டு கீர்ட்டு நல்லா இருக்குல்ல?" என்கிறான்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் புரிகிறது. அந்தக் கிணற்றின் குறுக்களவே இருபத்தைந்து அடி இருக்கும். இந்தப் படியில் இருந்து அந்தப் படிக்கு ஏழெட்டுக் கை போட்டால் போதும், மூச்சைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். எனக்குத் தெரிந்தது முங்கவும் மிதக்கவும் பல்டி அடிக்கவும்தான். ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குப் போகத் தெரியாது. பத்து வயதில் பிடித்த மூச்சை இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 28, சனி

மேனேஜர் எடுத்த வீடியோவை மருமகனுக்கு அனுப்பியிருந்தேன். இரண்டே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "மாமா, நீங்க மூச்சு கிடைக்காம திணறல. உள்ள இருக்கிறத விடாம திணறுறீங்க."

தலை வெளியே வரும் அரை நொடிக்குள் பழைய காற்றை விடவும் புதுக் காற்றை இழுக்கவும் பார்க்கிறேனாம். இரண்டுக்கும் நேரம் எங்கே இருக்கிறது? விடுகிற வேலையைத் தண்ணீருக்குள்ளேயே முடித்துவிட வேண்டும், மூக்கால், சீராக. நெஞ்சு அடைக்கிற மாதிரி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆக்சிஜன் தீர்ந்துபோவது இல்லையாம், உள்ளே தேங்குகிற கார்பன் டை ஆக்சைடுதானாம்.

அன்றைக்கே கொல்லையில் பித்தளை அண்டாவை நிரப்பி முகத்தை முக்கினேன். விடு, விடு, விடு, பக்கவாட்டில் திரும்பு, இழு. முதல் பத்துத் தடவை மூக்கில் ஏறி உச்சந்தலை எரிந்தது. காது தண்ணீருக்குள் இருப்பதால் குமிழிச் சத்தம் தவில் மாதிரிக் கேட்கிறது. "என்னங்க, நாளைக்கு அதுலதான் புளியோதரை கிளறணும்" என்று மனைவி வந்து நின்றாள். மகள் படியில் உட்கார்ந்து எண்ணினாள். நூறு ஆனதும் அண்டாவை விளக்கிக் கவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள், அதையும் நானே செய்தேன்.

இன்று குளத்தில், நிமிராமல் உருண்டு திரும்பி, நீச்சல் கண்ணாடியில் ஒரு பக்கம் தண்ணீரிலும் ஒரு பக்கம் வெளியிலுமாக மூச்சு எடுத்தேன். எட்டு நீளம் நிற்காமல். எட்டாவது முடிந்தபோது இரைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பட்டறையில் கண்ணாடித் தட்டு, அச்சு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். என் சைக்கிளுக்கும் ஒரு மாலை. ஊற வைத்த கல்லைத் தொட்டியில் இருந்து எடுத்துக்கொண்டே முருகன் அண்ணன் கேட்டார், "கணக்கப்பிள்ளை, கல்லே நாலு நாள்ல வெளிய வந்துருது, நீங்க எப்ப வருவீங்க?" தலைமுடியில் குளோரின் வாடை அவருக்கே தெரிகிறதாம்.

இருபது நீளம்.

அக்டோபர் 27, ஞாயிறு

சைக்கிளில் இருந்து இறங்கியதும் ஓடிப் பழக வேண்டும் என்பதால் இன்று இரண்டையும் சேர்த்துச் செய்தேன். இதற்கு பிரிக் என்று பேர். இறங்கினால் கால் என்னுடையது இல்லை. யாரோ இரவல் கொடுத்த கால். ஒரே வட்டத்தில் சுற்றிய தொடைக்கு, இப்போது நீட்டி எட்டு வைக்க வேண்டும் என்று தெரிய ஏழெட்டு நிமிடம் ஆகிறது. அதுவரை வேகத்தைப் பற்றி நினைக்காமல் சின்னச் சின்ன எட்டாகப் போகச் சொல்கிறான் மருமகன்.

கானாடுகாத்தானில் ஓடுவது சௌகரியம். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேர். வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். ஒரு வீட்டுச் சுவரை மட்டும் தாண்ட எனக்குத் தொண்ணூறு தப்படி. பூட்டிக் கிடக்கிற வீடுகள்தான் பாதி. வாட்ச்மேன் ஒருவர், நாலாவது சுற்றில், "யாரைத் தேடுறீக?" என்றார்.

ஒரு தப்பு. கிளம்பும் முன் வெள்ளைப் பணியாரம் ஐந்து, வர மிளகாய்ச் சட்னியோடு. மூன்றாவது கிலோமீட்டரில் அந்தச் சட்னி தன்னை அறிமுகம் செய்துகொண்டது. இனி ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாடு, அதுவும் இட்லி, காரம் இல்லாமல்.

நவம்பர் 21, வியாழன்

மழை. சைக்கிள் இல்லை, ஓட்டம் இல்லை. ஊருணி படி படியாக ஏறுகிறது.

அதில் நீந்தலாமே என்று பட்டறையில் புதிதாய்ச் சேர்ந்த பையன் கேட்டான், அவன் ஊர் கோயம்புத்தூர். குடிதண்ணீர் ஊருணியில் காலை நனைத்தாலே எங்கள் ஊர் ஆச்சிமார் தலைமுறையை இழுத்துத் திட்டுவார்கள் என்று விளக்கினேன். குளிக்கிற ஊருணி வேறு, வயலுக்குப் பாய்கிற கண்மாய் வேறு. நமக்குக் கண்மாய்தான்.

டிசம்பர் 22, ஞாயிறு

கல்லல் பக்கத்துக் கண்மாய். இரண்டு நாள் முன்பே மாமா மகனோடு போய், எங்கே சவுடு மண் அள்ளினார்கள், எங்கே பள்ளம், எங்கே தாமரைக் கொடி என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுவைத்தேன். கண்மாயில் உயிர் போவது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான், இடுப்பளவு என்று நம்பி நடக்கிறவனுக்குத் திடீரென்று தரை இருக்காது. என் இடுப்பில் ஆரஞ்சு மிதவை. மாமா மகன் லாரி டியூபில் உட்கார்ந்து கயிற்றோடு கூடவே வந்தான். தனியாக இறங்கக் கூடாது என்பதில் நானும் மருமகனும் முதல் முறையாக ஒத்துப்போனோம்.

குளத்தில் அடியில் கோடு தெரியும். இங்கே முகத்தை வைத்தால் தேத்தண்ணீர் நிறம், நம் கையே தெரியாது. இருபது கை போட்டிருப்பேன், நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு பழையபடி தொண்டையில் நின்றுகொண்டது. மல்லாந்து படுத்தேன். காதில் தண்ணீர், மேலே ஒரு கொக்கு. விடு, விடு, விடு. ஒரு நிமிடத்தில் அடங்கியது. பந்தயத்திலும் இப்படி மல்லாக்கப் படுக்கலாம், காவல் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறவும் செய்யலாம், அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் திசை. ஏழெட்டுக் கைக்கு ஒருமுறை கண்ணை மட்டும் முதலை மாதிரி மேலே தூக்கி, மடைக்குப் பக்கத்து ஒற்றைப் பனையைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் முப்பது கை போனேன். நிமிர்ந்தால் எருமைகள் நடுவில் நிற்கிறேன்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

முழு ஒத்திகை. கரையில் புளியமரத்தடியில் சாக்கை விரித்து ஹெல்மெட், ஷூ, துண்டு, தண்ணீர் எல்லாவற்றையும் எடுக்கிற வரிசையில் வைத்தேன். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும், மாற்றினால் தண்டனை. மகள்தான் நடுவர்.

நீச்சல் 25 நிமிடம். சைக்கிள் 54. ஓட்டம் 38, அதில் கடைசிக் கிலோமீட்டரில் கொஞ்சம் நடை. இதெல்லாம் போகட்டும். ஈரக்காலில் சாக்ஸ் மாட்டியதற்கு மட்டும் நாலு நிமிடம்! பாதம் முழுக்கச் செம்மண் அப்பிக்கொண்டு, கால் உள்ளே போகவே மாட்டேன் என்றது. மகள் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரிக்கிறாள். சாக்ஸே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பக்கத்து வீட்டு அண்ணன் இந்த வாரம் குன்றக்குடியில் இருந்து பழநிக்கு நடக்கிறார். தைப்பூசம் 11ஆம் தேதி. பல வருஷமாகப் போகிறவர். சாக்ஸ் இல்லாத ஓட்டத்தால் என் குதிகாலில் வந்த கொப்புளத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் விளக்கெண்ணெய்க் குப்பியோடு வந்தார். "ராத்திரி தடவி ஊற விடு. காலையில கிளம்புறப்பவும் விரலிடுக்குல ஒரு சொட்டு." எவ்வளவு வேகமாக நடப்பீர்கள் என்று கேட்டேன். "வேகமா? முதல் நாள் சிங்கம்புணரிப் பக்கம் ஓட்டமா ஓடுறவனெல்லாம் நத்தம் தாண்டி வேன்ல உக்காந்திருப்பான். பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு நின்னா நடை அதிகம்னு அர்த்தம்."

மருமகன் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த பயிற்சித் திட்டத்தின் முதல் பக்கத்திலும் இதேதான் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் கடைசியாகக் குளம். இருபது நீளம் போதும் என்றிருந்தான் மருமகன். எண்ணிக்கொண்டே போனவன் எங்கேயோ விட்டுவிட்டேன், பட்டறை பாக்கி ஒன்றைப் பற்றி யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் வந்து, விருந்தாளி எழுந்துவிட்டார் என்று தட்டியபோதுதான் நின்றேன்.

சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கட்டி நேற்றே பார்சலில் போட்டாயிற்று. நாளை காலை சென்னைக்குப் பல்லவன் ரயில். பையில் கண்ணாடி இரண்டு, துண்டு, ஹெல்மெட், பித்தளைத் திருகி. மனைவி விளக்கெண்ணெய்க் குப்பியைப் பிளாஸ்டிக் கவரில் மூன்று சுற்றுச் சுற்றி, "கொட்டுச்சுன்னா எல்லாம் போச்சு" என்று சொல்லிக்கொண்டே ஷூவுக்குள் திணித்தாள். வழியில் தின்ன சீடையும் முறுக்கும் தனிப் பையில். அண்ணன் இந்நேரம் நத்தம் பக்கம் இருப்பார்.

அலாரம் நாலு மணிக்கு வைத்திருக்கிறேன்.