கத்திரி வெயிலில் ஒரு நாத்தனாரின் பட்டுப்புடவை

சென்ற வைகாசியில், மதுரையில் என் தம்பியின் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், மீதமுள்ள இரண்டு முடிச்சுகளையும் அவனுடைய சகோதரி போடுவது எங்கள் வீட்டு வழக்கம்; நாத்தனார் முடிச்சு என்பார்கள். ஒரே அக்கா என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. மகிழ்ச்சிக்கு அடுத்தபடியாக என் மனத்தில் எழுந்த கேள்வி, அன்று எதை உடுத்துவது என்பதுதான். பெரும்பாலும் மே 4 அன்று தொடங்கி 28 வரை நீளும் அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் முகூர்த்தம். நேரமோ காலை ஒன்பதிலிருந்து பத்தரை. மணவறையில் ஓமத் தீக்கு இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். பட்டு உடுத்தாமல் அங்கே நிற்க அம்மா சம்மதிக்க மாட்டார். எனக்கும் மனம் வராது.

இந்தக் கேள்வியை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதற்கு ஒரு பழைய வருத்தம் காரணம். பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஒரு கோடையில் நடந்த சித்தப்பா மகளின் திருமணத்துக்கு, என்னுடைய முகூர்த்தப் புடவையையே உடுத்திக்கொண்டு போனேன். ஏழு அங்குலக் கரையும் முந்தி முழுதும் ஜரிகையும் கொண்ட காஞ்சிபுரம் பட்டு அது. அரை மணி நேரத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கொசுவம் கனம் தாங்காமல் இறங்கியது. தாலி கட்டும் நேரத்தில், தங்கைக்கு அருகில் இருக்க வேண்டிய நான், கடைசி வரிசையில் ஒரு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அவளுடைய ஆல்பத்தில் அந்த நேரத்துப் படம் எதிலும் நான் இல்லை. தம்பியின் திருமணத்தில் அப்படி நேரக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

அந்தப் பழைய புடவையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: ஒரு கிலோ நூறு கிராம். பட்டு என்றாலே புழுக்கம் என்று நாம் பேசிக்கொள்கிறோம், ஆனால் பட்டு நூலை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. துணித் தொழிலில் வழங்கும் கணக்குப்படி, பட்டு தன் எடையில் 11 சதவீதமும் பருத்தி 8.5 சதவீதமும் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும், பாலியெஸ்டரோ 0.4 சதவீதத்தோடு நின்றுவிடும். நம்மை வாட்டுவது நெருக்கமான நெசவும், வெள்ளிக் கம்பி சுற்றிய நூலுக்குத் தங்க முலாம் பூசிய ஜரிகையும், எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே தெரியாமல் ரவிக்கைக்குள் தைத்துவிடும் செயற்கை இழை உள்துணியும்தான். ஆகவே நான் பட்டை விடவில்லை. அதன் கனத்தையும் ஜரிகையையும் குறைத்துக்கொள்ளத் தீர்மானித்தேன்.

என் உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. இந்த உயரத்தில் ஏழு அங்குலக் கரை, காலிலிருந்து முழங்கால் வரையிலான இடத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, உடலைக் குறுக்காக வெட்டிக் காட்டுகிறது. விறைப்பான ஜரிகைக் கரை கணுக்காலைச் சுற்றிக் குடைபோல விரிந்து நிற்பதால், இருப்பதைவிடப் பருமனாகவும் தெரிகிறோம். இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத கரையும், உடல் பகுதியில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய வைர ஊசிக் கோடுகளும் குள்ளமானவர்களுக்கு எவ்வளவோ நன்மை செய்கின்றன. புடவையின் உடல் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தில் ரவிக்கை அமைந்தால் உருவம் துண்டுபடாமல் நீளமாகத் தெரியும். நல்ல உயரமுள்ள என் ஓரகத்திக்கு இவை எதுவும் பொருந்தாது. கங்கா ஜமுனா என்று இரு பக்கமும் வெவ்வேறு நிறத்தில் அமைந்த அகலக் கரை அவருக்கு அத்தனை அழகாக இருக்கும்.

நிறம் தேர்ந்தெடுப்பதில்தான் ஒரு முழு மாலை போயிற்று. நான் மாநிறத்துக்கும் கறுப்பானவள். தெற்கு மாசி வீதியில் ஏறிய கடை ஒன்றில், என்னைப் பார்த்ததுமே விற்பனையாளர் வெளிறிய பீச் நிறப் புடவைகளை அடுக்கத் தொடங்கினார். அவைதான் என்னைக் கொஞ்சம் வெளுப்பாகக் காட்டும் என்றார். இந்தப் பேச்சைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் என்பதால் எனக்குக் கோபம் வந்தது. வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்பது என் விருப்பமே அன்று. கறுத்த தோலின் மீது மாம்பழ மஞ்சளும் வாடாமல்லியும் மயில்கழுத்தும் எப்படி ஒளிர்கின்றன என்பதை நம் பாட்டிமார்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். வெளிறிய நிறங்கள் எனக்குச் சோர்ந்த முகத்தைத்தான் தருகின்றன.

கடை விளக்கில் பார்த்த நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு புடவையையும் வாசலுக்கு எடுத்துச் சென்று, பகல் வெளிச்சத்தில் தோளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அம்மா எனக்குக் கற்றுத் தந்த வழக்கம். நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடை நூலில் வேறு நிறமும் அமைந்த புடவைகளுக்கு இது இன்னும் அவசியம். உள்ளே சாதாரணப் பச்சையாகத் தெரிந்த ஒன்று, வாசலில் மடிப்புக்கு மடிப்பு மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறியது. வேப்பங்கொழுந்தின் மீது வெயில் விழுந்ததுபோல் இருந்தது. பச்சைப் பாவும் மாம்பழ மஞ்சள் ஊடையும், ஜரிகையே இல்லாமல் நூலால் நெய்த வாடாமல்லிக் கரையும் கொண்ட அதன் எடை 520 கிராம். மணப்பெண்ணின் கூறைப்புடவை அரக்குச் சிவப்பு என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். அவளுக்கு நேர் பின்னால் நிற்கப்போகிறவள் அதே நிறத்தில் போய் அவளுடைய நாளில் பங்கு கேட்கக் கூடாது அல்லவா? அரக்குக்குப் பின்னால் இந்த இளம்பச்சை நன்றாக எடுத்துக் கொடுக்கும் என்று தோன்றியது.

இரட்டை நிறத்தை நான் விரும்பியதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. வீட்டிலிருந்த பழைய ரவிக்கைத் துண்டுகளில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரே நிறத்தில் அமைந்த வான நீலத்திலும் சாம்பல் நிறத்திலும் ஈரம் கறையாகப் படர்ந்து எட்டடி தூரத்திலிருந்தே தெரிந்தது. இரு நிறம் கலந்த துண்டிலும் அடர்ந்த நிறத் துண்டிலும் அவ்வளவாகத் தெரியவில்லை. வெயில் காலத்துக்குப் புடவை எடுப்பவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். ஆனால் புடவையிலேயே செய்துவிடாதீர்கள். பட்டில் தண்ணீர்த் தடம் தங்கிவிடும்.

புடவையைவிட ரவிக்கைக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். மூன்று முடிச்சில் இரண்டைப் போடப் போகிறவள், மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் குனிந்து, இரு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, மஞ்சள் கயிற்றை இறுக்க வேண்டும். அட்சதை விழும், கெட்டிமேளம் காதைப் பிளக்கும், நான்கு கேமராக்கள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கைக்குழி இறுக்கமாக இருந்தால் ரவிக்கை மேலே ஏறிவிடும், அல்லது தையல் பிரியும். ஆகவே கைக்குழியில் அரை அங்குலம் தளர்வு விடச் சொன்னேன். உள்துணிக்கு ‘வாயில்’ (voile) எனப்படும் மெல்லிய பருத்தித் துணியை நானே வாங்கிக் கொடுத்தேன். கை முழங்கைக்குச் சற்று மேலே நின்றது. முதல் முறை தைத்து வந்ததில், நான் கொடுத்த துணியை விட்டுவிட்டு வழுவழுப்பான செயற்கைத் துணியை வைத்திருந்தார்கள். பிரித்துத் தைக்கச் சொல்லி, பத்து நாள் கழித்து மீண்டும் வாங்கினேன். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்திருந்ததால் தப்பித்தேன். அளவு பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பதோடு விடாமல், என் மகளை முன்னால் உட்கார வைத்து, அவள் கழுத்தில் ஒரு நூலை மூன்று முறை முடிந்து பார்த்தேன். கைக்குழியில் இரண்டு பருத்தித் துண்டுகளை லேசாக ஒட்டுத் தையல் போட்டு வைத்ததும் மிகவும் உதவியது. பிறகு பிரித்தெடுத்துத் துவைத்துவிடலாம்.

உள்பாவாடை பருத்தியாகவே இருக்கட்டும். சாட்டின் துணியில் கொசுவம் வழுக்கும். குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு புடவை கட்டினால், மணவறையில் செருப்பைக் கழற்றியதும் இரண்டு அங்குலம் தரையில் புரளும். எனவே வெறுங்காலுடன் நின்று கட்டுவதே சரி. நகையைக் குறைத்து, ஒற்றைக் காசுமாலையோடு நிறுத்திக்கொண்டேன். மல்லிகை நிறைந்து பூக்கும் பருவம் அது, அதுவும் மதுரை. தலைக்கு வேறு அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை.

வரவேற்பு மாலையில், குளிரூட்டிய அரங்கில் நடந்ததால் அதற்கு இத்தனை கவலை இல்லை. கணவருக்குப் பட்டு வேட்டி எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. சிறிய கரை போட்ட மெல்லிய பருத்தி வேட்டியும் வெள்ளைப் பருத்திச் சட்டையும் போதும் என்று அவர் சொன்னது சரியாகவே அமைந்தது. முறை செய்யும் பொறுப்பு இல்லாமல் விருந்தினராக மட்டும் போகிறவர்களுக்கு, பட்டும் பருத்தியும் கலந்த கோவை கோரா காட்டன் போதும் என்பேன். மதிப்புக்கும் குறைவில்லை, காற்றும் உள்ளே வரும்.

அன்று மூன்று மணி நேரம் மணவறையை விட்டு நகரவில்லை. வியர்த்தது, வியர்க்காமல் எப்படி இருக்கும்? ஆனால் முந்தி நழுவவில்லை, கை தடுக்கவில்லை. ஆல்பத்தில், தம்பியின் தோளுக்குப் பின்னால், மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் புடவையை மடிக்காமல், நிழலில் கொடியில் விரித்து ஓர் இரவு காயவிட்டேன். ஆவணியில் ஒரு திருமணத்துக்கு உடுத்த அம்மா அதைக் கேட்டிருக்கிறார். ரவிக்கை மட்டும் அவருக்குத் தனியாகத் தைக்க வேண்டும். வாயில் துணியை இன்றே வாங்கி வைத்துவிட்டேன்.