பக்கத்து ஊரில் பாஸ் ஆன பிளான் நம் ஊரில் செல்லாது

கலிஃபோர்னியாவில் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டி, கடைசி இன்ஸ்பெக்‌ஷனும் முடிந்துவிட்டது. தோண்டுவதும் கான்கிரீட் போடுவதும் மளமளவென்று நடந்தன. பெர்மிட் வாங்குவதற்குள்தான் போதும் போதுமென்றாகிவிட்டது.

எங்கள் காண்ட்ராக்டருக்குப் பக்கத்து ஊரில்தான் வேலை அதிகம். அங்கே பாஸ் ஆன பிளானையே முகவரியை மாற்றி இங்கே கொடுத்துவிட்டார். அங்கே பம்ப்பை வேலியை ஒட்டி வைக்கலாம். எங்கள் ஊரில் தள்ளித்தான் வைக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக்கூடாதாம். போதாக்குறைக்கு, பின்பக்கம் மின் கம்பிக்காக விட்ட ஈஸ்மெண்ட் நிலம் (நம் மனைக்குள் மின் நிறுவனத்துக்குப் பயன்படுத்தும் உரிமை உள்ள பகுதி) படத்திலேயே இல்லை. சிட்டி ஹால் கவுண்டரில் கேட்டால், "எல்லாம் போர்ட்டலில் இருக்கிறது" என்று ஊர் நிர்வாகத்தின் இணையதளத்தைக் காட்டி ஒரே பதில். போர்ட்டலில் "குறிப்புகளைப் பார்க்கவும்" என்று இருந்தது. குறிப்புகள் பகுதி காலி!

நீச்சல் குளப் பாதுகாப்புக்கான மாநிலச் சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். பட்டியலில் உள்ள 7 பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறைந்தது 2 வேண்டும். 2018 முதல் இப்படி. வேலி என்றால் உயரம் 60 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. ஆனால் இதற்கு மேல் கெடுபிடி செய்ய ஊர் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. பக்கத்து ஊரில் குளத்துக்கு மூடியும் கதவுக்கு அலாரமும் போதும். எங்கள் ஊரில் வேலி கட்டாயம். அந்தச் செலவு கொட்டேஷனில் வரவே இல்லை.

வேலி போட்டபின் வந்த இன்ஸ்பெக்டர் டேப்பை வெளியே எடுக்கக்கூட இல்லை. கேட்டை ஒரு விரலால் தள்ளினார். அது குளத்துப் பக்கம் திறந்தது. ஃபெயில். கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கம்தான் திறக்க வேண்டும், தானாகச் சாத்தி, தாழும் விழ வேண்டும். குழந்தை சாய்ந்தால் திறந்துகொள்ளக் கூடாதே, அதில் எனக்கு வருத்தமில்லை. கீலை மாற்றிப் போட்டதும் பாஸ்.

நண்பர் கதை இன்னும் மோசம். அவர் தபால் முகவரியில் ஊர் பெயர் இருக்கிறது, வீடோ ஊர் எல்லைக்கு வெளியே. சிட்டி ஹாலில் அரை நாள் வரிசையில் நின்றபின், "நீங்கள் கவுண்டி அலுவலகத்துக்குப் போங்கள்" என்றார்கள். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. வீடு ஊர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்சல் எண்ணை (மனையின் பதிவு எண்) வைத்துக் கவுண்டி வரைபடத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். காண்ட்ராக்டரிடம், உங்கள் ஊரிலேயே அவர் கட்டிய குளம் ஒன்றின் பெர்மிட்டைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.