பெவரேஜ் ஆன்டெனாவுக்கு ஒரு சிறு டிரான்ஸ்பார்மர்

அமெச்சூர் வானொலியின் 160 மீட்டர் அலைவரிசையில் மெல்லிய சமிக்ஞைகளைக் கேட்க நான் நம்புவது, தரைக்குச் சற்று மேலே நீண்டு செல்லும் பெவரேஜ் கம்பியைத்தான். அதன் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் மொத்த எதிர்ப்பு) ஏறத்தாழ 450 ஓம். வீட்டுக்குள் வரும் கேபிளுக்கோ 75 ஓம். இவ்விரண்டையும் பொருத்த, இரட்டைத் துளை கொண்ட 73 வகை ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) உள்ளகத்தில் கேபிள் பக்கம் 2 சுற்றும் ஆன்டெனா பக்கம் 5 சுற்றும் சுற்றினேன். சுற்று விகிதத்தின் வர்க்கம் 6.25 என்பதால், 75 ஓம் மறுபக்கத்தில் 469 ஓமாகத் தெரியும். கம்பி ஒரு துளையில் சென்று மறு துளையில் திரும்பினால்தான் அது ஒரு சுற்று. இரு சுருள்களையும் ஒன்றோடொன்று இணைக்காமல் தனித்தனியே வைப்பதை நான் கட்டாயமாகக் கருதுகிறேன், ஏனெனில் கேபிளின் வெளியுறை வழியே வரும் வீட்டு இரைச்சல் ஆன்டெனாவுக்குள் நுழைவதை அது பெருமளவு தடுக்கிறது. சோதனைக்காக, ஒரே மாதிரி இரண்டைச் செய்து, அவற்றின் 5 சுற்றுப் பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்து மொத்த இழப்பை டெசிபெல்லில் அளந்தேன்; அதில் பாதியே ஒன்றின் இழப்பு.