நெப்போலியன் பீரங்கிக்கு ஒரு கட்டைவிரல் உறை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் நம்பியிருந்த பீரங்கி 12 பவுண்டர் நெப்போலியன், அதாவது 12 பவுண்டு குண்டைச் சுடுவது, 1857 மாடல். அந்தப் பீரங்கியைச் செய்ய எனக்கு இடமும் இல்லை, காசும் இல்லை. அதைச் சுற்றி நின்றவர்கள் கையில் பிடித்த சாமான்களை மட்டும் செய்து வருகிறேன். குத்தூசி எளிது. கம்பியின் ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையை வளையமாக மடக்கினால் போதும். குழலின் பின்பக்கம் மேலே தீ வைக்கும் சிறு துளை, தீத்துளை. அதன் வழியாக விட்டு, உள்ளே இருக்கும் வெடிமருந்துப் பையைக் கிழிக்க அது.

துடைகோல்தான் வேலை வாங்கியது. காம்பின் ஒரு தலை கிட்டிக்க, அதாவது மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளி இறுக்க; மறுதலை நனைத்துக் குழலைத் துடைக்க. அசலில் கம்பளி நூலைக் கார்பெட் போல நெய்து செம்பு ஆணியால் அடித்திருப்பார்கள். நான் உரோமத்தோடு பதனிட்ட செம்மறித் தோலைச் சுற்றினேன். அசல் குழலின் உள்விட்டம் 4.62 அங்குலம். என்னிடம் இருந்ததோ 110 மி.மீ. பிவிசி பைப். தலையை அதற்கேற்பச் சிறுத்துக்கொண்டேன்.

அப்புறம் தீத்துளையை விரலால் மூடுபவருக்கான கட்டைவிரல் உறை. அசலில் மான்தோல், விரல் பதியும் இடத்தில் முடி அடைத்த திண்டு, மணிக்கட்டில் கட்ட வார். எனக்கு மெல்லிய ஆட்டுத்தோல், சலூனில் கேட்டு வாங்கிய முடி. எதற்கு என்று சொன்ன பிறகு அவர் பார்த்த பார்வையை விடுங்கள்.

பைப்பின் ஒரு முனையை அடைத்து, மூடிக்குப் பக்கத்தில் 5 மி.மீ. துளை போட்டேன். அசல் தீத்துளையும் 0.2 அங்குலம்தான். துளைக்கு மேலே ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நண்பரை ஈரத் துடைகோலை உள்ளே தள்ளச் சொன்னேன். புஸ்ஸென்று காற்று வந்து நுனி பளிச்சென்று சிவந்தது. வெளியே இழுத்தபோது புகை முழுக்கத் துளைக்குள் போனது. உறை மாட்டிய விரலால் அழுத்தியதும் தள்ளுவதே சிரமமாகிவிட்டது. கையை எடுத்தால் கோல் தானாகப் பின்னால் வருகிறது.

சுட்ட குழலில் மருந்துப் பையின் துணி எரிந்தும் எரியாமலும் கிடக்கும். பீரங்கிக் குழுவில் ஆளுக்கொரு எண், எண்ணுக்கொரு வேலை. துளையை மூட வேண்டிய மூன்றாம் எண்காரர் மூடாவிட்டால், துடைக்கிற கோலே அதற்குத் துருத்தி. அடுத்து உள்ளே போவது 2.5 பவுண்டு மருந்து. அதைக் கிட்டிக்கும் முதலாம் எண்காரர் நிற்பது குழல் வாய்க்குப் பக்கத்தில். அடுத்தடுத்துச் சுட்டால் குழலின் பின்புறம் கொதிக்கும், வெறும் விரல் தாங்காது. அதற்குத்தான் தோல்.

திண்டு இன்னும் கொஞ்சம் தடிமனாக வேண்டும், ஓரத்தில் காற்று கசிகிறது. அதைப் பிரித்துத் தைத்துவிட்டு, பீரங்கி வண்டியின் வாலைத் திருப்பும் நெம்புகட்டைக்குப் போகிறேன். மரம் பார்த்து வைத்தாயிற்று.