துக்கத்தில் இருப்பவருக்கு எதைக் கொடுப்பது?

நோய்த்தணிப்புப் பிரிவில், அதாவது கடும் நோயுற்றவர்களின் வலியையும் வேதனையையும் தணித்துப் பராமரிக்கும் பிரிவில், சமூகப் பணியாளராக இருக்கிறேன். நோயாளி இறந்த பிறகும் அந்தக் குடும்பத்துடன் எங்கள் தொடர்பு அறுந்துவிடுவதில்லை. அவர்கள் படிப்பதற்கும் மனம்விட்டுப் பேசுவதற்கும் உதவக்கூடியவற்றைத் தேடிச் சேர்த்து வைப்பதும் என் வேலைதான். கையேடுகள், ஒலிப்பதிவுகள், ஆற்றுப்படுத்துநர்களின் பட்டியல் என்று அலமாரி நிறையவே இருக்கிறது. ஆனால் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை, துக்கப்படுபவரைவிட அவருக்கு ஆறுதல் சொல்ல வருபவருக்கே பயன்படும்படி எழுதப்பட்டிருக்கின்றன.

மனைவியை இழந்த ஒருவர் சில மாதங்கள் கழித்து வந்தார். யாரோ கொடுத்த அச்சுத்தாள் ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகள். கோபத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். “எனக்குக் கோபமே வரவில்லை அம்மா. அவள்மேல் எனக்கு அவ்வளவு பாசம் இல்லையோ?” என்று கேட்டார்.

மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்து நிலைகளை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிய அனுபவத்திலிருந்து. பறிகொடுத்துவிட்டு உயிரோடு இருப்பவர்களுக்கும் அது பிற்பாடுதான் நீட்டிக்கப்பட்டது. படிப்படியாக ஏறித்தான் தீர வேண்டிய ஏணி அல்ல அது. இதை விளக்கியபோது, “அப்படியானால் கட்டாயமில்லையா?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகுதான் மனதில் இருந்த இன்னொன்றைச் சொன்னார். பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தபோது வெகுநேரம் அவள் நினைவே வரவில்லையாம். அது துரோகம் போல உறுத்தியிருக்கிறது. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த கருத்தைச் சொன்னேன்: துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதே இயல்பு, இடையில் கிடைக்கும் ஓய்வும் துக்கத்தைக் கடப்பதில் ஒரு பகுதி. அந்த மனிதருக்கு அன்று தேவைப்பட்டது இந்த ஒரு செய்திதான்.

அதனால் எதைக் கொடுப்பது என்பதைவிட எப்போது கொடுப்பது என்பதையே அதிகம் யோசிக்கிறேன். இறப்புக்குப் பிந்தைய முதல் வாரங்களில் பலராலும் ஒரு பத்தியைக்கூடச் சேர்ந்தாற்போல் படிக்க முடிவதில்லை. அப்போது பெரிய எழுத்தில் ஒரே ஒரு பக்கம் போதும். தூக்கம் கலையும், மறதி வரும், இறந்தவரின் குரல் கேட்டது போலத் தோன்றலாம், அது பைத்தியம் அல்ல, எந்த வேலைகளைத் தள்ளிப்போடலாம், யாரைக் கூப்பிடலாம். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இன்னொரு வரி: தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லாமல், இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். தூக்கம் என்று கேட்ட குழந்தை தூங்கவே பயப்படலாம்.

புத்தகங்களும் குழுக்களும் பிறகு. அதே இழப்பைப் பட்டவர்கள் ஒருவருக்கொருவர் தரும் துணை எந்தக் கையேட்டிலும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்காக 1969இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தொடங்கிய சங்கம், மகன்களை இழந்த இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று தேற்றிக்கொண்டதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் யாரையும் குழுவுக்குத் தள்ளிவிடக் கூடாது. பேசாமல் உட்கார்ந்திருக்கவும் அங்கே இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன்.

சிலருக்கு இவை போதாது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் ஏக்கம் சற்றும் தணியாமல் அன்றாட வாழ்க்கையே முடங்கிக் கிடந்தால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறிப்பிடுகிறது. அதற்கென்றே உளவியல் சிகிச்சை உண்டு. தற்கொலை எண்ணம் வந்தாலோ ஆறு மாதக் கணக்கெல்லாம் இல்லை. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கள் அலமாரியில் இன்னும் காலியாக இருக்கும் இடம், துக்கப்பட உரிமை இல்லாதவர்கள் போல நடத்தப்படுகிறவர்களுக்கானது. கருவிலேயே குழந்தையை இழந்தவர்கள், முன்னாள் கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள், உயிர் நண்பரைப் பறிகொடுத்தவர்கள். ஒரு நோயாளியை மாதக்கணக்கில் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, மறுநாளே அதே படுக்கையில் வேறொருவரை வரவேற்கும் செவிலியர்களையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்களுக்கான பக்கத்தை அவர்களோடு உட்கார்ந்தே எழுதிக்கொண்டிருக்கிறோம். விடுப்பு பற்றிய பத்தியில் நிர்வாகத்துடன் பேச்சு இன்னும் முடியவில்லை.