மாசியில் மொட்டை மரம், பங்குனியில் எருக்கஞ்செடி

நம் சமவெளியில் இளவேனில் வருவதை முதலில் சொல்வது உதிரும் இலைதான். மாசியில் புங்கமரம் மஞ்சளித்துக் கொட்டத் தொடங்கும். இந்த ஆண்டு அங்கிருந்தே கவனிக்கத் தொடங்கினேன். புது இடம் தேடிப் போகவில்லை. ஒரே பாதை, அதில் ஒரு புங்கமரம், ஒரு கல்யாண முருங்கை, வேலியோரத்து எருக்கஞ்செடிகள். மரங்களின் பருவ மாற்றங்களைப் பொதுமக்களே பதிவுசெய்யும் சீசன்வாட்ச் திட்டத்தில் செய்வதைப் போல வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறித்துக்கொள்வேன். பக்கத்திலேயே யார் யார் வந்தார்கள் என்றும் எழுதிவைப்பேன்.

பறவை பார்க்கப் பழகுகிறவர்களுக்கு மொட்டை மரம் பெரிய வரம். செம்மார்புக் குக்குறுவானின் குரல், செம்புப் பாத்திரம் தட்டுகிற மாதிரி, விடாமல் கேட்கும். தேடினால் ஒரு முறை இடப்பக்கம் கேட்கும், அடுத்த முறை வலப்பக்கம். இலையில்லாத உச்சிக் கிளையில் அது உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. குரல் கொடுக்கும்போதே தலையை அப்படியும் இப்படியும் திருப்புகிறது. அலகு திறப்பதே இல்லை, தொண்டை மட்டும் புடைத்து அடங்குகிறது.

கல்யாண முருங்கை இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்திருந்தது. ஊதாத் தேன்சிட்டு ஆண் ஒன்று தினமும் வந்தது. மஞ்சள் மார்பின் நடுவே கரும்பட்டை, தோளில் அங்கங்கே ஊதாத் திட்டுகள். கூடு கட்டும் பருவத்துக்காக நிறம் மாறிக்கொண்டிருந்தது. பங்குனி பிறந்தபோது உடல் முழுக்க பளபளத்தது.

ஆனால் என்னை அதிக நேரம் நிற்கவைத்தது எருக்குதான். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி ஓர் இலையில் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனது. பிறகு வளர்ந்த புழுக்களைப் பார்த்தேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள், முதுகில் மூன்று ஜோடிக் கொம்புகள். ஒன்று இலையைத் தின்னும் முன் நடுநரம்பைக் கடித்தது. பால் அங்கேயே வடிந்து நின்றது. அப்புறம் வெட்டுக்கு அப்பால், பால் வராத நுனிப் பகுதிக்கு நகர்ந்து நிதானமாகத் தின்றது. எருக்கம்பால் ஒட்டிக்கொண்டால் அதன் வாய் அடைபட்டுவிடும், அதற்காகத்தான் இந்த முன்னேற்பாடு. அதே செடியின் நஞ்சு உடம்பில் சேர்வதால் பறவைகள் இந்தப் பூச்சியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. பக்கத்துக் கிளையில் சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சிக் கூட்டம், அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள். ஒரு செடிக்கே ஒரு பக்கம் குறிப்பு போதவில்லை. குப்பைமேட்டில் முளைக்கிற செடி என்று இத்தனை நாள் யாரும் திரும்பிப் பார்க்காமல் போவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பங்குனி நடுவில் புங்கமரம் தளதளவென்று துளிர்த்துவிட்டது. குக்குறுவான் இப்போது கண்ணுக்குக் கிடைப்பதில்லை. சரி, குறிப்பேட்டில் குரலுக்குத் தனிப் பத்தி போட்டிருக்கிறேன். தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, குயில் மூன்றையும் குரலை வைத்தே நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. பெண்குயில் கூவுவதில்லை, ‘கிக் கிக்’ என்று வேகமாகக் கத்தும் என்பதும் பழகிவிட்டது.

புங்கத்தில் மொட்டு ‘கொஞ்சம்’ என்ற நிலைக்கு வந்திருக்கிறது. கருவண்டுகள் எந்த வாரம் வருகின்றன என்று அடுத்துப் பார்க்க வேண்டும். பாதை முனையில் இருக்கும் வேம்பையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.