படத்தைப் பார்க்காதீர்கள், அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்

பழைய போக்கிமான் விளையாட்டுக் கார்டுகள் கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது நெருப்பு கக்கும் சாரிசார்ட் கார்டைத்தான். எங்கள் சித்தி பையனும் அதைத்தான் கேட்டான். அவன் டொராண்டோவில் பள்ளிக்கூடம் போன காலத்தில் சேர்த்தவை, இரண்டு பிஸ்கட் டின் நிறைய. இப்போது அவன் வேலை வேறு ஊரில், சித்தி வீட்டைக் காலி செய்கிறார், "வெறும் அட்டைதானே கண்ணு, குப்பையில போட்டுடவா?" என்று எனக்கு போன். அய்யோ வேண்டாம் என்று சொல்லி வாங்கி வந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை சாப்பிடுவதற்கு இல்லை.

இந்த வேலைக்கு உட்காருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: படத்தை மறந்துவிடுங்கள். ஒரே பிகாச்சு, ஒரே ஓவியம், நாலைந்து தடவை அச்சாகியிருக்கும். எது எந்த அச்சு என்று சொல்வது கார்டின் அடி ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்துதான். வலது மூலையில் 58/102 என்று இருந்தால் 102 கார்டு கொண்ட செட்டில் (ஒன்றாக வெளிவந்த தொகுப்பில்) 58-வது. பக்கத்தில் இருக்கும் வட்டம் சாதாரணம், டைமண்ட் நடுத்தரம், நட்சத்திரம் அரிது. செட் எது என்பதற்குப் படத்துக்கு வலது கீழே ஒரு சின்னம் இருக்கும்: ஜங்கிள் என்றால் பூ, டீம் ராக்கெட் என்றால் ஆர் எழுத்து. சின்னமே இல்லை, எண் 102-க்கு என்றால் அது 1999 தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த முதல் பேஸ் செட். ஆனால் ஜங்கிளின் ஹோலோ (படம் மினுமினுக்கும்) கார்டுகளில் சிலவற்றில் சின்னத்தை அச்சடிக்க விட்டுவிட்டார்கள். அதனால் சின்னம் இல்லையென்றதும் துள்ளிக் குதிக்காமல் எண்ணைப் பாருங்கள், 64-க்கு என்றால் ஜங்கிள்தான்.

பேஸ் செட்டுக்குள்ளேயே மறுபடி பிரிக்க வேண்டும். பணம் பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது, குழப்பமும் இங்கேதான். படச் சட்டத்தின் வலது ஓரத்தில் நிழல் விழுந்த மாதிரி ஒரு கருப்புக் கோடு இருந்தால் அது அன்லிமிடெட், லட்சக்கணக்கில் புழங்குவது. நிழல் இல்லையென்றால் ஷேடோலெஸ், அதற்கு முந்தைய அச்சு. நிழல் தெரிகிறதா இல்லையா என்று மேஜை விளக்கில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார வேண்டாம், அடியில் காப்பிரைட் வரியைப் படித்தால் போதும். 1995, 96, 98 நின்டெண்டோ என்று இருந்தால் அன்லிமிடெட். 98-க்குப் பிறகு 99-ம் இருந்தால் ஷேடோலெஸ். கடைசியில் 1999-2000 விசார்ட்ஸ் (அப்போது கார்டை வெளியிட்ட நிறுவனம்) என்று இருந்தால் அது அதற்கும் பிந்தைய அச்சு. இதற்கெல்லாம் பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி ஒன்று போதும், விலையும் அதிகமில்லை.

முதல் பதிப்பு என்று காட்டும் ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரையைப் பார்த்ததும் மூச்சு வாங்குவது இயல்பு. அந்த டின்னில் எனக்கு முதலில் சிக்கியது முத்திரை குத்திய ஹோலோ மச்சாம்ப், 8/102. உடனே போட்டோ எடுத்து சித்தி பையனுக்கு அனுப்பினால், "அண்ணா, வீடு வாங்கிடலாமா?" என்கிறான். வாங்க முடியாது. இருவர் விளையாடும் ஸ்டார்ட்டர் பெட்டி ஒவ்வொன்றிலும் இந்த மச்சாம்பைப் போட்டார்கள், எல்லாவற்றிலும் அதே முத்திரை. அந்தக் காலத்தில் பெட்டி வாங்கிய வீடுகளில் எல்லாம் ஒன்று கிடக்கும்.

எண்ணை வைத்து அடுக்கினால்தான் பிடிபடும் இன்னொரு விஷயம் உண்டு. ஜங்கிளில் ஸ்நார்லாக்ஸ் இரண்டு: 11/64 ஹோலோ, 27/64 ஹோலோ இல்லாதது. படம், தாக்குதல், எழுத்து எல்லாம் ஒன்றே. பெயரை மட்டும் எழுதி வைத்தால் ஒன்றை டூப்ளிகேட் என்று ஒதுக்கிவிடுவோம். ஜப்பானியக் கார்டு கலந்திருந்தால் இன்னும் கூத்து. பழையவற்றில் அந்த மூலையில் இருப்பது செட் எண்ணே அல்ல, அந்தந்தப் போக்கிமானுக்கு உரிய போக்கிடெக்ஸ் எண். பின்பக்கமும் வேறு மாதிரி இருக்கும். அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

கார்டு உலகில் இந்த எண் பித்தைத் தொடங்கி வைத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்தவர், கையெல்லாம் மூட்டுவாதம். சிகரெட் பாக்கெட்டில் வந்த கார்டு, மிட்டாய் கார்டு என்று எல்லாவற்றையும் வகை பிரித்து 1939-ல் பட்டியல் போட்டார். பேஸ்பால் கார்டு ஏலச் செய்திகளில் டி206 என்று படித்திருப்பீர்களே, அந்தப் பெயர் இவர் வைத்தது. டி என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டு, அவ்வளவுதான். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தன் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, தானே அங்கே போய் உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். (பசை போட்டு ஒட்டினார் என்று இப்போதைய சேகரிப்பாளர்களிடம் சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.)

சரி, என் பட்டியலுக்கு வருகிறேன். எக்செல்லில் செட், எண், பெயர், எடிஷன், ஹோலோவா, நிலை, எத்தனை, குறிப்பு. இதற்கென்று ஆப்கள் இருக்கின்றன, போனைக் காட்டினால் கார்டைக் கண்டுபிடித்துச் சொல்லும், ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்வதால் ஷேடோலெஸ் விஷயத்தில் நான் அவற்றை நம்புவதில்லை. நிலை எழுதும்போது இரக்கம் காட்டக் கூடாது. பின்பக்க நீலத்தின் மூலையில் வெள்ளை தெரிந்தால் அது புதுசு போல இல்லை, முடிந்தது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்ததால் மேலேயும் கீழேயும் இருந்த கார்டுகளின் இரு ஓரங்களிலும் பள்ளம்.

குறிப்புப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. ராட்டாட்டா, 61/102, எச்பி (எவ்வளவு அடி தாங்கும் என்ற புள்ளி) 30. அதில் நீல பால்பாயின்ட் பேனாவால் இன்னொரு சைபர் சேர்த்து 300 ஆக்கி வைத்திருக்கிறான் பயல். சைபரின் வளைவு சிவப்பு எழுத்துக்குச் சரியாக ஒத்துப்போக வேண்டும் என்று இரண்டு தடவை அழுத்தி வரைந்திருக்கிறான், பின்பக்கம் தடவினால் மேடு தட்டுப்படுகிறது. விலை பூஜ்ஜியம். நிலை: சேதம். குறிப்பு: எதிராளி ஏமாந்தானா என்று கேட்க வேண்டும்.

போலியும் கிடைத்தது. நல்ல கார்டின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் மெல்லிய கருங்கோடு ஓடும், வெளிச்சத்தைத் தடுக்க இரண்டு தாளுக்கும் நடுவே வைத்த அடுக்கு அது. போலியில் பெரும்பாலும் அது இருக்காது, டார்ச் அடித்தால் வெளிச்சம் பளிச்சென்று மறுபக்கம் வரும். அப்புறம் அந்த சாரிசார்ட். இருந்தது, பழைய ஓவியச் சாயலில், பழைய மஞ்சள் ஓரத்தோடு. எண் 11/108. அது 2016-ல் பழையதைப் போலவே வடிவமைத்து வெளியிட்ட எவல்யூஷன்ஸ் செட், பேஸ் செட் சாரிசார்ட் என்றால் 4/102. அவனுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், காலேஜ் நாளில் ஆசைக்கு ஒரு பாக்கெட் வாங்கினானாம். போலியில்லை, பழையதுமில்லை.

எக்செல் பட்டியலில் விலைக்கென்று நான் பத்தி போடவே இல்லை. அது வாரத்துக்கு வாரம் மாறுவது. விற்க நினைத்தால் அன்றைக்கு ஈபேயில் என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்க்காமல், விற்று முடிந்தவை என்ன விலைக்குப் போயின என்று பார்த்தால் போதும். பேஸ் செட்டின் எனர்ஜி கார்டுகள் (போக்கிமான் தாக்குவதற்குத் தேவைப்படுபவை), 97 முதல் 102 வரை, குவியல் குவியலாக இருக்கின்றன. அவற்றுக்கு ஒவ்வொன்றாக வரிசை எண் போடப்போவதில்லை, வகைக்கு எத்தனை என்று எண்ணி ஒரு டப்பாவில் போட்டு மூடியாயிற்று. பர்டிக் இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்.